தூண்டிலின் இம்முனை

புலன்களின் வழியே ஜீவன் கெடுகிறது என்ற உண்மையை எளிதில் விளங்கவைக்க விரும்பிய நம் ஆசாரியர்கள், ஐந்து பிராணிகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்து இந்திரியங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பங்கிட்டு வைத்தார்கள். ஓசையில் மயங்கி வேடன் கையில் சிக்குகிறது மான். ஸ்பரிச சுகத்தை நாடிக் குழியில் விழுகிறது யானை. ஒளியை விரும்பி விளக்கில் மாய்கிறது விட்டில். மணத்தைத் தேடி மலருக்குள் அகப்படுகிறது வண்டு. நாவின் சுவையால் தூண்டிலில் மாட்டிக்கொள்கிறது மீன். சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணியில் இவ்வைந்தும் ஒரே சுலோகத்தில் அடங்கியிருக்கின்றன. பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், தமக்கு வாய்த்த இருபத்துநான்கு குருமார்களை வரிசைப்படுத்தும் அவதூதரும் மீனுக்கு அவ்வரிசையில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். கதாகாலட்சேபங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன இந்த உவமையில் ஒரு குறை இருப்பதாக எனக்கு நெடுநாளாகத் தோன்றிவருகிறது. விளக்கும் மலரும் எவரையும் பிடிப்பதற்காக வைக்கப்பட்ட பொறிகள் அல்ல. மற்ற மூன்றிலோ, எதிர்ப்புறத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். மானுக்கு எதிரே இசைத்தவன், யானைக்குக் குழி வெட்டியவன், மீனுக்கு இரை கோத்தவன். அவனைப் பற்றி உவமை வாய் திறப்பதில்லை. அகப்பட்ட மீனுக்கு ஆசை அதிகம் என்று கண்டிக்கும் உபதேசம், கோலைப் பிடித்த கைக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்பதே இல்லை.

மெல்போர்ன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், தான் மாலை வேளைகளில் கணவாய் பிடிக்கப் போவதுண்டென்றும், பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றை உயிரோடு கடலிலேயே விட்டுவிடுவதாகவும், இருந்தும் மனத்தில் ஓர் உறுத்தல் தங்கியிருப்பதாகவும், “இது பாவந்தானா, மாமா? நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றும் எழுதியிருந்தான். நான் புலால் உண்பவன் அல்லன். அவன் கடல் கடந்த பிறகு உண்ணத் தொடங்கியவன். என்னிடமிருந்து எந்தப் பதில் வரும் என்று அவன் முன்கூட்டியே ஊகித்திருப்பான் என்பதனாலேயே, அந்தப் பதிலை உடனே எழுதிவிட எனக்கு விருப்பம் இல்லாமற் போயிற்று. முதலில் அவன் செய்கிற காரியம் இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மெல்போர்னுக்குத் தெற்கே போர்ட் பிலிப் என்ற பரந்த விரிகுடா இருக்கிறது. குவீன்ஸ்கிளிஃப், போர்ட்டார்லிங்டன், மார்னிங்டன் முதலிய கரையூர்களில் கடலுக்குள் நீண்டு செல்லும் துறைமேடைகள் உண்டு. எந்த மேடையில் கணவாய் அதிகமாக அகப்படுகிறது என்று அறிய விரும்புகிறவன் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. பலகைகளில் படிந்துள்ள மைக்கறையைப் பார்த்தாலே போதும், ஏனெனில் நீரை விட்டு மேலே வரும் கணவாய் தன்னிடம் எஞ்சியிருக்கும் ஒரே ஆயுதத்தைப் பீய்ச்சிவிட்டே வருகிறது. அங்கே வாழ்வது தென்கடல் கலமாரி என்று வழங்கும் இனம். அதன் நெருங்கிய உறவான மற்றோர் இனம் நம் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. ஆகவே நம் கடற்கரைக்கு அது அந்நியமான பிராணி அன்று. அதன் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. அந்த ஓராண்டின் முடிவில் கடற்புல்லின் அடியிலே விரல் விரலாக முட்டைக் கொத்துகளை ஒட்டிவைத்துவிட்டு மடிந்துபோகிறது. விக்டோரியா மாநிலத்துச் சட்டம், கணவாய் வகைகளெல்லாம் சேர்த்து ஒருவர் ஒரு நாளில் 10-க்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்கிறது.

இதற்கு அவர்கள் கையாளும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஜப்பானியர் வகுத்த எகி என்பது. இறாலின் வடிவில் செய்து, துணி போர்த்தி, வாற்புறத்தில் ஊசிவட்டம் பொருத்திய பொய் இரை. மற்றொன்று, என் மருமகன் விரும்பிப் பயன்படுத்துவது, மெய்யான இரை பூட்டிய ஜிக். மெல்லிய உலோகத் தண்டு ஒன்றின் ஒரு முனையில் மேல்நோக்கி வளைந்த ஊசிகள் கிரீடம்போல் வட்டமாக நிற்கும். அந்தத் தண்டிலே நம் கிழங்கான் மீனின் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமீன் ஒன்றை முழுதாகக் கோத்து, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டி, ஒரு தக்கையின் கீழே இரண்டொரு மீட்டர் ஆழத்தில், கடற்புல்லுக்குச் சற்று மேலே மிதக்கவிடுகிறார்கள். கணவாய் மெதுவாக அணுகி, தன் நீண்ட பற்றுக்கைகள் இரண்டையும் மின்னல்வேகத்தில் நீட்டிக் கவர்ந்து, பிற கைகள் எட்டினாலும் அணைத்துக்கொண்டு, கிளியலகு போன்ற வாயால் மீனின் தலைக்குப் பின்புறத்தில் கடிக்கத் தொடங்குகிறது. தக்கை நகர்கிறது. இப்போது வெடுக்கென்று இழுப்பவன் ஏமாந்துபோவான். சாதாரணத் தூண்டில் முள்ளில் மீன் நழுவாதிருக்க வைக்கப்படும் எதிர்க்கூர் இந்த ஊசிகளில் கிடையாது. நூல் தளர்ந்தால் கணவாய் கழன்றுவிடும். இழுப்பு கடுமையானால் அதன் மெல்லிய சதை கிழிந்துவிடும். ஆகையால் வளைந்து கொடுக்கும் மென்கோல், நூலிழை போன்ற நரம்பு, அவசரப்படாத கை, இம்மூன்றும் வேண்டும்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. முதற்சில கணங்களுக்குக் கணவாயைப் பிடித்து வைத்திருப்பது ஊசியன்று, அதன் சொந்தப் பிடியே ஆகும். கைகளை விரித்துவிட்டால் அந்தக் கணமே அதற்கு விடுதலை. உபந்நியாசம் செய்கிறவருக்கு இதைக்காட்டிலும் உகந்த திருஷ்டாந்தம் கிடைக்குமா? பற்றை விட்டால் பந்தம் விட்டது என்று அவர் அரைமணி நேரம் பேசலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. பிடித்ததை விடாதிருப்பது கணவாய்க்கு லோபம் அன்று, ஜீவனம். விடவேண்டியதை விடு, கொள்ளவேண்டியதைக் கொள் என்று எடுத்துச் சொல்ல அதற்கு எந்த வேதமும் அருளப்படவில்லை. பிறிதோர் உயிரின் மரணத்தைக் காட்டி நம்முடைய வைராக்கியத்தை வளர்த்துக்கொள்வது, ஒரே பிராணியை இரண்டு முறை வேட்டையாடுவதாகும்.

வஞ்சனை என்ற குற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எகி என்ற பொய்யிறாலைப் பார்த்துக் கணவாய் பாய்வதை, நம் வேதாந்திகள் சொல்லும் சுக்தி-ரஜத நியாயத்தோடு ஒப்பிடலாம். கிளிஞ்சலை வெள்ளியென்று மயங்குவதுபோல் அது மயங்குகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் இரை பூட்டிய ஜிக்கில் மயக்கம் எங்கே இருக்கிறது? மீன் மெய்யான மீன். மணம் மெய், சுவை மெய், சதை மெய். கணவாயின் ஞானத்தில் பிழையே இல்லை. பொய்யாக இருப்பது ஒன்றுதான், அது பொருளில் இல்லை, கொடுப்பவனுடைய கருத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்வதற்காகக் கொடுக்கப்படும் அன்னம் அது. தானம் என்ற தர்மத்தைத் தலைகீழாக நிறுத்தினால் கிடைப்பது தூண்டில். போகிறபோக்கில் ஒன்று சொல்லவேண்டும்: கோக்கப்பட்ட அந்தச் சிறுமீனும் ஓர் உயிராக இருந்ததுதான்; அதைப் பற்றி மருமகன் கேட்கவில்லை, சாஸ்திரங்களும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இரைக்குள் ஊசியை மறைப்பது என்ற இந்தக் காரியத்தை இறைவனுக்கே ஏற்றிச் சொன்ன ஒரு மகானும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் கப்படோசியா நாட்டில் வாழ்ந்த நிஸ்ஸாவின் கிரெகொரி என்ற கிறிஸ்தவ ஆயர், மனித குலத்தைத் தன் வசத்தில் வைத்திருந்த சாத்தான் கிறிஸ்துவின் மானிட உடலாகிய இரையை விழுங்கியபோது, அதனுள் மறைந்திருந்த தெய்வத்தன்மையாகிய முள்ளில் மாட்டிக்கொண்டான் என்று எழுதினார். எழுதிய பிறகு அவருக்கே கூசியிருக்கவேண்டும்; சத்தியமே வடிவான கடவுள் வஞ்சிப்பது தகுமா என்ற ஆட்சேபத்தைத் தாமே எழுப்பிக்கொண்டு, உணவில் விஷம் கலப்பவனும் கலக்கிறான், மருந்து கலக்கும் வைத்தியனும் கலக்கிறான், நோக்கமே இருவரையும் வேறுபடுத்துகிறது என்று சமாதானமும் கூறினார். பிற்காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் முடிவில், கான்டர்பரியின் அன்செல்ம் சாத்தானோடு கடவுளுக்கு இவ்வித வியவகாரமே தேவையில்லை என்று வேறு சித்தாந்தம் செய்தார். சமாதானம் செல்லுமோ செல்லாதோ, கிரெகொரியின் நேர்மையை நான் மெச்சுகிறேன். தூண்டிலின் இம்முனையில் இருப்பவருக்கும் ஒரு விசாரணை உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அங்கே இருந்தவர் கடவுளாகவே இருந்தபோதிலும்.

பௌத்தர்கள் அந்த முனைக்கு வேறொருவனை நிறுத்தினார்கள். சம்யுத்த நிகாயத்தில் ஒரு சிறு சூத்திரம், இலாபத்தையும் சன்மானத்தையும் புகழையும் தூண்டிலுக்கு ஒப்பிட்டு, ஆழ்ந்த மடுவிலே இரை கோத்து எறியும் செம்படவன் மாரனே என்று தெளிவாகப் பெயர் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், என் மருமகன் சனிக்கிழமை மாலைதோறும் மாரனுடைய வேஷத்தைக் கட்டிக்கொள்கிறான் என்று ஆகும். அது அதிகப்படியான தீர்ப்பு. மாரனுக்கு அகப்பட்டவனுடைய நாசம் வேண்டும். இவனுக்கு அது வேண்டியதில்லை, விட்டுவிடுகிறானே. இவனுக்கு உணவும் வேண்டியதில்லை, பெரும்பாலும் உண்பதில்லை. பணமும் இதில் வருவதில்லை. பின் என்னதான் வேண்டும்?

இந்த இடத்தில், மீன்பிடித்தலையே தொழிலாகக் கொண்டவர்களை நம் சமயங்கள் எப்படி நடத்தின என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் திருவள்ளுவர் துறவற இயலில் வைத்தாரேயன்றி இல்லற இயலில் வைக்கவில்லை. அதற்கு உரைகாரர்கள் எந்தக் காரணம் சொன்னாலும், கட்டுமரம் ஏறிப் போகிறவனை அவர் நிற்கவைத்துக் குற்றம் சாட்டவில்லை என்று நான் கருதிக்கொள்கிறேன். கொலைத்தொழிலுக்கு ஆதரவாகப் பலர் மகாபாரதத்துத் தர்மவியாதனை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் மிதிலையின் அந்தக் கசாப்புக்காரன், தான் கொல்வதில்லை என்றும், பிறர் கொன்றதை விற்பதோடு சரி என்றும், புலால் உண்பதில்லை என்றும் சொல்லிக்கொள்கிறான். மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். சைவர்களுக்கு இப்படி ஒளிந்துகொள்ளவேண்டிய அவசியம் நேரவில்லை. திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதரே வலைஞராக வந்து சுறாவின்மேல் வலை வீசுகிறார். அறுபத்துமூவருள் ஒருவராகிய அதிபத்தர், நாகப்பட்டினத்துக் கடற்கரை நுழைப்பாடியில் பரதவர் குலத் தலைவராக வாழ்ந்து, நாள்தோறும் அகப்படும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலே விட்டு வந்தார். நாளடைவில் மீன்வளம் குன்றி, ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் அந்த ஒன்றையே விட்டுவிட்டு, சுற்றமும் தாமும் பசியால் வாடினார். இறுதியில் பொன்மீன் அகப்பட்டபோது அதனையும் விட்டார். இன்றும் ஆவணி ஆயிலியத்தன்று நாகையில் பொன்மீன் விடும் திருவிழா நடக்கிறது. சேக்கிழார் இந்த நாயனாரை வலையைத் துறக்கச் சொல்லவில்லை. வலையோடேயே அவருக்குச் சிவலோகம் கிடைத்தது.

சொக்கநாதர் கையிலும் அதிபத்தர் கையிலும் இருப்பது வலை, தூண்டில் அன்று என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வலை எவரையும் அழைப்பதில்லை. வழியை மறிக்கிறது, அவ்வளவே. இதற்கு நேர்மாறான அபிப்பிராயமும் உலகில் உண்டு. கன்பூசியஸ் தூண்டிலால் மீன் பிடிப்பாரேயன்றி வலையால் பிடிப்பதில்லை என்றும், கூட்டில் அடங்கிய பறவைமேல் அம்பு விடுவதில்லை என்றும் அவருடைய உரைத்தொகுதியின் ஏழாம் பகுதி தெரிவிக்கிறது. அந்தச் சீனச் சொல் குறிப்பது வலையா, பல முள் கட்டிய பெருங்கயிறா என்பதில் உரையாசிரியர்களுக்குள் விவாதம் இருந்தாலும், கருத்து ஒன்றே: அளவில்லாமல் வாரிக்கொள்ளலாகாது. சத்தியத்தை முன்வைத்தால் வலை மேல்; மிதத்தை முன்வைத்தால் தூண்டில் மேல். இரண்டாவது தராசில் நிறுத்தால் மருமகனைக் குறைசொல்ல இடமில்லை. ஒரு நேரத்தில் ஒன்று, ஒரு நாளில் சில. இழுவை மடிகளை விரித்துக் கடலின் அடியையே சுரண்டுகிற விசைப்படகுகளோடு ஒப்பிட்டால் அவன் துறவி.

எனினும் என் கேள்வி தீரவில்லை. அதைத் தீர்த்தது சாஸ்திரமன்று, சரீர சாஸ்திரம். கணவாயின் உடலில் சாதாரண நரம்பிழைகளைப்போல் பல மடங்கு பருத்த இழைகள் சில ஓடுகின்றன. சிலவற்றின் பருமன் ஒரு மில்லிமீட்டரை எட்டும். 1930-களில் ஜே. இசட். யங் என்ற ஆங்கில விலங்கியலறிஞர் அவற்றை இனங்காட்டினார். அந்த இழைகளில் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்தி, நரம்பு என்பது எவ்வாறு செய்தி கடத்துகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஆராய்ந்து 1952-இல் வெளியிட்ட முடிவுகளுக்கு 1963-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் உடலில் வலி எவ்வாறு ஓடுகிறது என்று நமக்குக் கற்பித்த ஆசிரியன், ஆகவே, கணவாய். அவதூதருடைய பட்டியலில் சேர்க்கத் தக்க குரு. அதற்கே வலி உண்டா என்ற கேள்வி மிகவும் பிற்காலத்தில்தான் எழுந்தது. ராபின் குரூக் முதலிய அறிஞர்கள் அமெரிக்கக் கடற்கணவாயை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டதன்படி, உடலில் ஓரிடத்தில் காயம்பட்டால் காயம்படாத இடத்து நரம்புகளும் கூர்மையடைகின்றன. எங்கே அடிபட்டதென்று குறிப்பாக அறிவதைவிட, உடல் முழுவதுமே எச்சரிக்கையாகிவிடுகிறது. இதை வேதனை என்று சொல்லலாமா என்று தார்க்கிகர்கள் வாதாடட்டும். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 2022-இல் இயற்றிய சட்டம் கணவாய் இனங்களையும் உணர்வுள்ள பிராணிகளின் வரிசையில் சேர்த்துவிட்டது.

அந்தப் பருத்த நரம்பிழைகளின் தொழில் என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். அபாயம் நேர்ந்த கணத்தில் உடலின் தசைப்போர்வை முழுவதையும் ஒரே சமயத்தில் சுருங்கச் செய்து, உள்ளேயுள்ள நீரைப் பீய்ச்சி, பின்னோக்கிப் பாய்ந்து தப்புவதற்காகவே அவை அமைந்தவை. தூண்டிலில் வரும் கணவாய் மீனைப்போல் திமிறுவதில்லை. விட்டு விட்டு, துடித்துத் துடித்து இழுக்கும். மென்கோலைப் பிடித்தவர்கள் வியந்து பேசுவது இந்தத் துடிப்பைத்தான். கோல் எவ்வளவு மென்மையாகவும் தூண்டில் நரம்பு எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கின்றனவோ, அவ்வளவு துல்லியமாக ஒவ்வொரு துடிப்பும் உள்ளங்கைக்கு வந்து சேருகிறது. சதை கிழியாதிருக்க மென்கோல் வேண்டும் என்பது உண்மை. அதுவே முழு உண்மையன்று. கைக்கயிற்றால் பிடிக்கும் செம்படவன் இந்தப் போராட்டம் விரைவில் முடியவேண்டும் என்று விரும்புகிறான், ஏனெனில் அவனுக்கு வேண்டியது கணவாய். மென்கோல்காரன் அது சற்று நீடிக்கவேண்டும் என்று விரும்புகிறான். அவனுடைய கைக்கு வேண்டியிருந்தது, மற்றோர் உயிரின் தப்பியோடும் முயற்சியைத் தன் தோலில் உணர்வதே. உவமை கேட்க மறந்த கேள்விக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன். மீனுக்கு நாவென்றும் விட்டிலுக்குக் கண்ணென்றும் பிரித்துக் கொடுத்த ஆசாரியர்கள், ஸ்பரிசத்தை யானைக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தூண்டில்காரனை மறந்துபோனார்கள்.

இந்தச் சுகத்துக்குச் சாந்தம் என்ற பெயரும் உண்டு. 1653-இல் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் நூல், தியானசீலனுக்கு உரிய பொழுதுபோக்கு என்று தன்னை முகப்பிலேயே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதே நூல், தவளையை இரையாக முள்ளில் கோக்கும் விதத்தை விவரித்துவிட்டு, அதன்மீது அன்புள்ளவன்போல அதைக் கையாளவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அன்பில் பொய்யில்லை என்பதே எனக்கு அச்சமூட்டுகிறது. நல்ல மனம் படைத்தவர்கள்தாம் பெரும்பாலும் கோல் பிடிக்கிறார்கள். அலைகளைப் பார்க்கிறார்கள், அஸ்தமனத்தைப் பார்க்கிறார்கள், பறவைகளின் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆகையால், பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றை விட்டுவிடுகிறேன் என்று மருமகன் தன் பக்கத்து நியாயமாக எழுதியிருந்ததே, என் அபிப்பிராயத்தில், வழக்கின் பலவீனமான பகுதி. அதிபத்தரும் விட்டார், ஆனால் அவர் விட்ட மீன் அவருடைய வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. பசித்த குழந்தைகளின் முகம் அவருக்குத் தெரியும். விடுவதற்கு முன் அந்த மீனிலிருந்து அவர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. மென்கோல்காரன் விடுகிற கணவாயிலிருந்து எடுக்கவேண்டியது முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அவன் கடலுக்குத் திருப்பிக் கொடுப்பது எச்சில். கிழிந்த கையோடும் செலவழிந்த மையோடும் திரும்புகிற அந்தப் பிராணிக்கு ஓராண்டு ஆயுளில் இன்னும் எத்தனை வாரம் இருந்ததோ, அதை வேட்டையாடும் மீன்களுக்கு இப்போது அது எளிய இரை. அமெரிக்கக் கடற்கணவாயை வைத்து 2014-இல் வெளியான ஆய்வொன்றில், சிறு காயம் பட்டவற்றைக் கொடுவா போன்ற வேட்டைமீன்கள் கூடுதலாகக் குறிவைத்தன என்று கண்டிருக்கிறார்கள்.

எனவே, புலால் உண்ணாத நான், உண்கிற அவனுக்கு எழுதிய பதில் அவன் எதிர்பார்த்திராத பதிலாகவே அமைந்தது. பிடித்தால் சமைத்துச் சாப்பிடு. வீட்டுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை பிடித்ததும் கோலைச் சுருட்டு. நீரைவிட்டு எடுத்த உடனே, வாளியில் கிடந்து மூச்சுத் திணற விடாமல், கண்களுக்கு நடுவே கூர்முனையைச் செலுத்தி ஜப்பானியர் செய்வதுபோல் ஒரே நொடியில் முடித்துவிடு. நரம்பு அறுபட்டதும் அதன் நிறமெல்லாம் வடிந்து உடல் வெளுத்துப்போகும், அதுவே அடையாளம். விளையாட்டுக்காகப் பிடித்து விடுவது மட்டும் வேண்டாம். பசிக்குக் கணக்கு உண்டு, விளையாட்டுக்குக் கணக்கு இல்லை. சைவ ஆசாரப்படி இது சரியான உபதேசம் அல்ல என்று என் தங்கை என்னைக் கடிந்துகொண்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மருமகன் எழுதினான். கண்களுக்கு நடுவே குத்துவதற்குத் தனக்குக் கை வருவதில்லை என்றும், அதைச் செய்ய முடியாமற் போனதனாலேயே விட்டுவிடும் பழக்கம் தொடங்கிற்று என்றும், தான் அதைக் கருணை என்று இதுவரை எண்ணியிருந்ததாகவும் தெரிவித்திருந்தான். கருணைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொல்ல வராத கைக்கு இரை கோத்து எறிய மட்டும் எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். யோசித்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.